பதிவு போட்டும் பலன் இல்லையா? தொழில் கணக்கில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

சமூக ஊடகத்தில் தொழிலை வளர்க்க முயல்பவர்கள் அதிகம் சொல்லும் குறை ஒன்றுதான்: "எவ்வளவு போட்டாலும் ஒன்றும் நடக்க மாட்டேன் என்கிறது." இந்த ஒரு வரிக்குப் பின்னால் பல கோளாறுகள் இருக்கலாம். பதிவு யாருக்கும் போய்ச் சேராதது வேறு, சேர்ந்தும் புரியாதது வேறு. புரிந்தும் எங்கே கேட்பது என்று தெரியாதது வேறு, கேட்டும் பதில் வராதது வேறு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஹேஷ்டேக்கை மாற்றி, ரீல் போட்டு, பூஸ்ட் (காசு கொடுத்துப் பதிவைப் பரப்புதல்) செய்து என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்தால், எது பலித்தது, எது வீண் என்று கடைசிவரை தெரியாது.

அதனால் முதல் வேலை அளப்பது. கணக்கின் இன்சைட்ஸ் (பதிவுகளின் புள்ளிவிவரம்) பகுதியைத் திறந்து, கடந்த ஒரு மாதத்துக்கு நான்கு எண்களைத் தாளில் எழுதுங்கள். பதிவுகள் எத்தனை பேருக்குப் போயின? அவர்களில் எத்தனை பேர் உங்கள் பக்கத்துக்குள் வந்தார்கள்? எத்தனை பேர் மெசேஜ் அனுப்பினார்கள் அல்லது லிங்க்கைத் தட்டினார்கள்? எத்தனை பேர் வாங்கினார்கள்? கடைசி எண்ணை எந்தச் செயலியிலும் தேட வேண்டாம், அது உங்கள் பில் புத்தகத்தில்தான் இருக்கும். எந்த இடத்தில் எண் சட்டென்று சரிகிறதோ அங்கேதான் கோளாறு. கீழே அந்தப் பகுதிக்குப் போங்கள், மற்றதை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் இன்சைட்ஸே காணோம் என்றால் உங்களுடையது இன்னும் தனிநபர் கணக்காக இருக்கிறது என்று அர்த்தம். அமைப்புகளுக்குள் போய் பிசினஸ் கணக்காக மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

அறிகுறி: பதிவு யாருக்கும் போய்ச் சேரவில்லை

"ஷேடோபேன் செய்துவிட்டார்கள்", அதாவது சொல்லாமலே பதிவுகளை மறைத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் உடனே முடிவு கட்டுகிறார்கள். ஊகிக்கத் தேவையில்லை. இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் 'கணக்கு நிலை' என்று ஒரு பக்கம் இருக்கிறது. உங்கள் பதிவு ஏதாவது நீக்கப்பட்டிருக்கிறதா, உங்களைப் பின்தொடராதவர்களுக்கு உங்கள் பதிவுகளைப் பரிந்துரைக்கத் தடை இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். தடை இருந்தால் அதற்குக் காரணமான பதிவையும் காட்டும். அதை நீக்கலாம், அல்லது மறுபரிசீலனை கேட்கலாம். அங்கே எல்லாம் பச்சையாக இருந்தால் ஷேடோபேன் என்ற பேச்சை விட்டுவிட்டு அடுத்த காரணத்தைப் பாருங்கள்.

அடுத்தது வாட்டர்மார்க். வேறொரு செயலியில் செய்த வீடியோவை அதன் முத்திரையோடு அப்படியே ரீலாகப் போட்டால் பரிந்துரை குறையும். இதை இன்ஸ்டாகிராமே 2021இல் சொல்லிவிட்டது. அடுத்தவர் வீடியோவை எடுத்துப் போடுவது அதைவிட மோசம். 30 நாளுக்குள் 10 முறையோ அதற்கு மேலோ அப்படிச் செய்யும் கணக்குகளைப் பரிந்துரையிலிருந்து விலக்குவதாக 2024இல் அறிவித்தார்கள். ஒரே வீடியோவை எல்லாத் தளங்களிலும் போட விரும்பினால், எந்தத் தளத்திலும் ஏற்றுவதற்கு முன்பே முத்திரை இல்லாத மூலக் கோப்பைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, காசு கொடுத்து வாங்கிய ஃபாலோயர்கள். இதுதான் சரிசெய்யக் கடினமானது. எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருக்கும், லைக் பத்தைத் தாண்டாது. அந்தக் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஆளே இல்லை. உங்கள் பதிவை அவற்றுக்குக் காட்டிப் பார்த்து, யாரும் நின்று பார்க்கவில்லை என்றால், மற்றவர்களுக்குக் காட்டத் தளத்துக்குக் காரணம் கிடைக்காது. கை வலித்தாலும் போலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்குவதே நல்லது. ஐந்நூறு உண்மையான ஆட்கள் போதும். சிறு தொழில் ஒன்றை அவர்களை வைத்தே நடத்திவிடலாம்.

இது எதுவுமே இல்லையென்றால்? அப்போது பதிவைத்தான் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் தன் முறையை மாற்றியது. நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை, தொழில் பக்கங்களுக்குப் பின் வரிசை. அன்றிலிருந்து பக்கத்தை லைக் செய்தவர்கள் எல்லோருக்கும் பதிவு தானாகப் போய்விடும் என்ற கணக்கு செல்லாது. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி, பதிவுகளை வரிசைப்படுத்துவதில் மிக முக்கியமானவை என்று மூன்றைச் சொல்கிறார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், லைக் போடுகிறார்களா, வேறொருவருக்கு அனுப்புகிறார்களா. புதியவர்களிடம் போய்ச் சேர்வதற்கு மூன்றாவதுதான் அதிகம் உதவுகிறது.

உங்கள் கடைசி ஒன்பது பதிவுகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். "தள்ளுபடி", "இன்றே வாங்குங்கள்" என்ற பேனர் படத்தை யார், யாருக்கு, எதற்காக அனுப்புவார்கள்? அதுவே "சோபா துணியில் பேனா மை பட்டால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்யக் கூடாது" என்று ஒரு குறு வீடியோ என்றால், வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கும் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவார். விற்பனைப் பதிவே போடாதீர்கள் என்று சொல்லவில்லை. ஒன்பதில் இரண்டு மூன்று அப்படி இருக்கட்டும். மற்றவை, உங்களிடம் எதுவும் வாங்காதவருக்கும் உபயோகமாக இருக்க வேண்டும்.

அறிகுறி: படம் மங்குகிறது, எழுத்து வெட்டுப்படுகிறது

சின்ன விஷயம்தான், ஆனால் அடிக்கடி நடக்கிறது. படத்தை வாட்ஸ்அப் வழியாகப் போனுக்கு அனுப்பி, அங்கிருந்து ஏற்றினால் தரம் வழியிலேயே குறைந்துவிடும். ஃபைலாக அனுப்புங்கள், அல்லது டிரைவ் மூலம் எடுங்கள். இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் மீடியா தரம் என்ற இடத்தில் 'அதிகபட்சத் தரத்தில் பதிவேற்று' என்பதையும் போட்டுவையுங்கள். ரீலுக்கும் ஸ்டோரிக்கும் அளவு 1080க்கு 1920. 2025 ஜனவரியிலிருந்து இன்ஸ்டாகிராமில் உங்கள் பக்கத்தில் பதிவுகள் அடுக்கித் தெரியும் கட்டங்கள் சதுரமாக இல்லை, உயரமாகிவிட்டன. அதனால் பழைய சதுரப் படங்களின் இருபுறமும் இருந்த எழுத்து வெட்டுப்பட்டிருக்கும். எழுத்தை நடுவில் வைப்பதே பாதுகாப்பு.

அறிகுறி: பார்க்கிறார்கள், ஆனால் யாரும் விசாரிக்கவில்லை

ரீல் ஒன்று ஓடிவிட்டது, பக்கத்துக்கும் ஆட்கள் வந்தார்கள், ஒரு மெசேஜ்கூட வரவில்லை. இந்த இடத்தில் கோளாறு பெரும்பாலும் பயோவில், அதாவது பக்கத்தின் மேலே உள்ள அறிமுக வரிகளில் இருக்கும். உள்ளே வந்தவர் அங்கே நிற்பது சில வினாடிகள்தான். அதற்குள் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்க வேண்டும்: இவர்கள் என்ன செய்கிறார்கள், எனக்கா, எப்படித் தொடர்பு கொள்வது?

மர நாற்காலி, மேசை பழுது பார்க்கும் ஒருவரின் பயோ இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"தரமே எங்கள் தாரக மந்திரம். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம். பல ஆண்டு அனுபவம்."

இதைப் படித்துவிட்டு அவர் என்ன தொழில் செய்கிறார் என்று யாராவது சொல்ல முடியுமா? இதையே இப்படி எழுதலாம்:

"பழைய மர நாற்காலி, மேசை, கட்டில் பழுது பார்த்து மெருகேற்றித் தருகிறோம். வீட்டுக்கே வந்து எடுத்துப்போவோம். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், செலவு எவ்வளவு ஆகும் என்று சொல்கிறோம்."

இரண்டாவதில் தற்புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் படித்தவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது: படம் எடுத்து அனுப்ப வேண்டும். "தொடர்பு கொள்ளவும்" என்று பொதுவாகச் சொன்னால் தயங்குபவர்கள்கூட, ஒரு படத்தை அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடுகிறார்கள்.

பெயர்ப் பகுதியையும் கவனியுங்கள். கணக்கின் பெயரோடு தொழிலின் பெயரையும் சேர்த்தால், அந்தச் சொல்லைத் தேடுபவர்களுக்கும் நீங்கள் தென்பட வாய்ப்புண்டு. அப்புறம், ஒரு பதிவைப் பக்கத்தின் மேலேயே நிறுத்தி வைக்கும் 'பின்' (pin) வசதி. செய்த வேலையின் முன்படமும் பின்படமும் கொண்ட ஒரு பதிவு, எப்படி ஆர்டர் தருவது என்று விளக்கும் ஒரு பதிவு, வாடிக்கையாளர் அனுமதியோடு போட்ட அவர் சொற்கள் ஒன்று. இந்த மூன்றும் முதல் வரிசையில் நிற்கட்டும்.

அறிகுறி: லிங்க் வேலை செய்யவில்லை

பதிவின் கீழே முகவரி போட்டிருந்தும் தட்டினால் திறக்கவில்லை என்றால் உங்கள் தவறு இல்லை, தளத்தின் விதி அது. இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் லிங்க் தட்டத் திறக்காது. பயோவில் ஐந்து லிங்க் வரை போடலாம், ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் ஒட்டலாம். யூடியூப் ஷார்ட்ஸில் விளக்கத்திலும் கமெண்ட்டிலும் போடும் லிங்க்குகளை 2023 ஆகஸ்ட் 31 முதல் முடக்கிவிட்டார்கள். ஷார்ட்ஸிலிருந்து உங்கள் நீள வீடியோ ஒன்றைத் தொடர்புடைய வீடியோவாக இணைத்து, அங்கிருந்து பார்ப்பவரை உங்கள் முகவரிக்கு அனுப்பலாம்.

வாட்ஸ்அப் அரட்டை லிங்க் 'எண் தவறு' என்று காட்டினால், எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். முன்னால் கூட்டல் குறி, பூஜ்யம், இடையில் கோடு, இடைவெளி எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் எண்ணைச் சேமிக்காத வேறொரு போனிலிருந்து சோதியுங்கள்.

லிங்க்கைப் பகிர்ந்தால் பழைய படமோ வெற்றுக் கட்டமோ வருகிறதா? இணையதளத்தின் பக்கத்தில், பகிரும்போது எந்தப் படம் வர வேண்டும் என்று சொல்லும் ஓப்பன் கிராஃப் குறிச்சொற்கள் இல்லை, அல்லது ஃபேஸ்புக் பழைய நகலையே வைத்திருக்கிறது. இணையதளத்தைச் செய்து கொடுத்தவரிடம் 1200க்கு 630 அளவில் ஒரு படத்தை அந்தக் குறிச்சொல்லில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ஷேரிங் டீபக்கர் என்ற கருவியில் முகவரியைக் கொடுத்து மறுபடி வாசிக்கச் செய்தால் புதிய படம் வந்துவிடும். லிங்க்ட்இன் தளத்துக்கு இதே வேலையைப் போஸ்ட் இன்ஸ்பெக்டர் செய்கிறது.

அறிகுறி: விசாரிக்கிறார்கள், வாங்கவில்லை

என் அனுபவத்தில் சிறு தொழில்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். ஆனால் யாரும் இதைச் சமூக ஊடகக் கோளாறாக நினைப்பதில்லை. ரீச், வியூஸ் என்று பேசுவோமே தவிர, இன்பாக்ஸை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பதில்லை.

முதலில் மெசேஜ்கள் உங்களுக்கு வந்துசேர்கின்றனவா என்று பாருங்கள். இன்ஸ்டாகிராமில் நீங்கள் பின்தொடராதவர்கள் அனுப்புவது 'கோரிக்கைகள்' என்ற தனிப் பெட்டியில் விழலாம். அதற்குள்ளே 'மறைக்கப்பட்டவை' என்று இன்னொரு பெட்டியும் உண்டு. புது வாடிக்கையாளர் என்றாலே நீங்கள் பின்தொடராதவர்தான். ஃபேஸ்புக் பக்கத்துக்கு வரும் மெசேஜ்களும் இன்ஸ்டாகிராம் மெசேஜ்களும் மெட்டா பிசினஸ் சூட்டில் ஒரே இடத்தில் கிடைக்கும். காலையும் மாலையும் அதைத் திறப்பதை வழக்கமாக்குங்கள்.

அடுத்து, பதில் எப்படிப் போகிறது என்று பாருங்கள். கமெண்ட்டில் ஒருவர் கேட்கிறார்: "இது என்ன விலை?" பதில்: "இன்பாக்ஸ் பார்க்கவும்." இன்பாக்ஸில் போனால்: "வணக்கம், எங்கள் கேட்டலாக் இதோ." கேட்டலாக்கில் நாற்பது பொருள், எதிலும் விலை இல்லை. மூன்று முறை தட்டியும் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அவர் போய்விட்டார். அதே கமெண்ட்டைப் படித்து, அதே கேள்வி மனதில் இருந்து, கேட்காமல் நகர்ந்துபோன மற்றவர்களும் போய்விட்டார்கள்.

விலையைப் பொதுவில் சொல்லத் தயங்குபவர்களின் பயம் எனக்குப் புரிகிறது: போட்டியாளர் பார்த்துவிடுவார். தெரிந்துகொள்ள நினைக்கும் போட்டியாளர் வாடிக்கையாளர்போல மெசேஜ் போட்டே தெரிந்துகொள்வார். நீங்கள் ஒளிப்பது வாங்க வந்தவரிடமிருந்து மட்டும்தான். அளவுக்கேற்ப விலை மாறும் தொழில் என்றால் ஆரம்ப விலையைச் சொல்லி, எதைப் பொறுத்து மாறும் என்பதையும் சொல்லுங்கள். நல்ல பதில் ஒன்றில் மூன்று இருக்கும்: கேட்டதற்கு விடை, அவர் நிலையைப் பற்றி ஒரு கேள்வி, அடுத்த படி.

"நாலு கால் நாற்காலி என்றால் இந்த விலையில் தொடங்கும், பிரம்புப் பின்னல் இருந்தால் கொஞ்சம் கூடும். உங்களுடையதில் கால் ஆடுகிறதா, பாலிஷ் மட்டும் போயிருக்கிறதா? ஒரு படம் அனுப்பினால் இன்று மாலைக்குள் சரியான தொகையைச் சொல்லிவிடுகிறேன்."

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இதற்கு வேண்டிய கருவிகள் எல்லாம் இலவசமாகவே இருக்கின்றன. அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு விரைவுப் பதில்கள், வேலை நேரத்துக்குப் பிறகு வருபவர்களுக்கு 'இப்போது இல்லை' என்று தானாகப் போகும் செய்தி, யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று குறிக்க லேபிள். "விலை சொன்னேன், பதில் இல்லை" என்று ஒரு லேபிள் வைத்து, இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு முறை மரியாதையாக விசாரியுங்கள். மறந்துபோனவர்கள் நிறையப் பேர் அந்த ஒரு வரிக்குத் திரும்பி வருவார்கள். இரண்டாவது முறை துரத்த வேண்டாம்.

அறிகுறி: வாட்ஸ்அப்பில் மொத்தமாக அனுப்பினால் போகவில்லை

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புவது, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான். ஆகவே வாங்கிய ஒவ்வொருவரிடமும் "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதிய வேலைகளை அனுப்புகிறோம், வேண்டாம் என்றால் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறோம்" என்று கேட்டு வாங்குவதுதான் வழி.

எண்கள் அடங்கிய பட்டியலை விலைக்கு வாங்கி, மொத்தமாக அனுப்பும் வெளி மென்பொருளைப் போட்டு அனுப்புவது வாட்ஸ்அப் விதிக்கு விரோதம். எண்ணே முடக்கப்படும். தொழிலின் எண் போனால் அதோடு பழைய வாடிக்கையாளர் தொடர்பும் போகும். அந்த மென்பொருளை விற்பவர் அதற்குப் பொறுப்பேற்க மாட்டார்.

அறிகுறி: விளம்பரத்துக்குக் காசு போகிறது, ஆர்டர் வரவில்லை

விளம்பரத்தின் நோக்கமாக எதைத் தேர்ந்தீர்கள் என்று முதலில் பாருங்கள். மெட்டாவில் ஆறு நோக்கங்கள் உண்டு: அறிமுகம், டிராஃபிக் (இணையதளத்துக்கு ஆட்களை அனுப்புவது), ஈடுபாடு, லீட்ஸ் (வாங்கக்கூடியவர்களின் விவரம் திரட்டுவது), செயலி விளம்பரம், விற்பனை. எதைக் கேட்கிறீர்களோ அதைச் செய்யும் ஆட்களிடம்தான் அது கொண்டுபோகும். ஈடுபாடு என்று கேட்டால் லைக் போடுகிறவர்களைத் தேடிப் பிடிக்கும், வாங்குகிறவர்களை அல்ல. பூஸ்ட் பொத்தானை அவசரமாக அழுத்துபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. மெசேஜ் வேண்டும் என்றால், நோக்கத்துக்குள் வேண்டிய பலனாக மெசேஜையே தேர்ந்தெடுங்கள்.

பிறகு, தினமும் கை வைக்காதீர்கள். புதிய விளம்பரத்துக்குக் கற்றல் கட்டம் என்று ஒன்று உண்டு. சுமார் ஒரு வாரத்துக்குள் 50 பலன்கள் வந்தால்தான் அது நிலைப்படும் என்பது மெட்டா சொல்லும் கணக்கு. ஆட்களையோ தொகையையோ பெரிதாக மாற்றினால் கற்றல் முதலிலிருந்து தொடங்கும். சிறு தொகையை ஐந்து விளம்பரமாகப் பிரிப்பதைவிட ஒன்றில் போட்டுப் பொறுத்திருப்பது மேல்.

லிங்க் கிளிக் ஏராளம், பக்கம் திறந்த எண்ணிக்கை மிகக் குறைவு என்றால் உங்கள் இணையதளம் திறக்க நேரமாகிறது, ஆட்கள் காத்திருக்காமல் மூடிவிடுகிறார்கள். இன்னொன்று, ஐபோன் செயலிக்குள்ளிருந்து பூஸ்ட் செய்தால் பல நாடுகளில் ஆப்பிளின் 30 சதவீதக் கட்டணமும் சேர்கிறது. பிரவுசரில் போய்ச் செய்யுங்கள்.

அறிகுறி: கூகுள் மேப்பில் தொழில் தென்படவில்லை, அல்லது விமர்சனம் அடிக்கிறது

கூகுள் பிசினஸ் புரொஃபைல் சரிபார்ப்பு முடிந்ததா என்று பாருங்கள். முடிந்திருந்தால் முதன்மை வகை சரியா என்று பாருங்கள். கூகுள் வரிசைப்படுத்துவது பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றை வைத்து. தூரம் உங்கள் கையில் இல்லை, மற்ற இரண்டும் இருக்கின்றன. பெயரில் "சிறந்த", "மலிவான" என்று தேடல் சொற்களைத் திணித்தால் கணக்கே இடைநிறுத்தப்படலாம். பலகையில் என்ன பெயரோ அதையே போடுங்கள்.

ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் உடனே பதில் எழுதாதீர்கள், ஆறப்போட்டு எழுதுங்கள். அவரை வெல்ல அல்ல, பின்னால் வந்து படிக்கப்போகும் புதியவருக்காக எழுதுகிறீர்கள். நடந்ததை ஒப்புக்கொண்டு, என்ன சரிசெய்தீர்கள் என்று இரண்டு மூன்று வரியில் சொன்னால் போதும். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கூகுள் எதையும் நீக்காது. போலி, வசை, தொடர்பில்லாதது என்றால் மட்டும் புகார் கொடுங்கள். தள்ளுபடி கொடுத்து நல்ல விமர்சனம் வாங்குவதும் விதிமீறல். வேலை முடிந்து அவர் மகிழ்ச்சியாக இருக்கும் அந்த நேரத்தில் லிங்க்கை அனுப்பிக் கேட்டாலே பலர் எழுதுவார்கள்.

அறிகுறி: லிங்க்ட்இனில் அழைப்பு ஏற்கிறார்கள், பேச மாட்டேன் என்கிறார்கள்

ஏற்றுக்கொண்ட அடுத்த நிமிடம் விற்பனைக் கடிதம் அனுப்பினால் யாரும் பேச மாட்டார்கள். அவர் எழுதியதைப் படித்து, உங்கள் தொழில் அறிவிலிருந்து அதோடு ஒன்றைச் சேர்த்துக் கமெண்ட் போடுங்கள். சில வாரம் அப்படிப் போனபின் உங்கள் பெயர் அவருக்குப் பழகியிருக்கும், பேச்சு தானாக எழும். நிறுவனப் பக்கத்தைவிட உங்கள் சொந்தப் பெயரில் எழுதுவது அதிகம் எடுபடும், ஏனென்றால் மனிதர்கள் மனிதர்களோடு பேசத்தான் அங்கே வருகிறார்கள்.

அறிகுறி: கணக்குக்குள் நுழைய முடியவில்லை

"பதிப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும்" என்று மெசேஜ் வந்து, பதறிப்போய் லிங்க்கைத் தட்டி, பாஸ்வேர்டு கொடுத்துக் கணக்கை இழந்தவர்கள் ஏராளம். மெட்டா அப்படி டிஎம்மில் (நேரடி மெசேஜில்) வந்து பாஸ்வேர்டு கேட்காது. பறிபோய்விட்டால் முதலில் மின்னஞ்சலைப் பாருங்கள். மின்னஞ்சல் முகவரியை மாற்றியதாக இன்ஸ்டாகிராமிலிருந்து அறிவிப்பு வந்திருந்தால், அதிலேயே மாற்றத்தைத் திரும்பப் பெறும் வழி இருக்கும். இல்லையென்றால் இன்ஸ்டாகிராமுக்கும் ஃபேஸ்புக்குக்கும் கணக்கு மீட்புக்கென்றே அதிகாரப்பூர்வப் பக்கங்கள் உண்டு. அங்கே மட்டும் போங்கள். "மீட்டுத் தருகிறேன்" என்று கமெண்ட்டில் வந்து காசு கேட்பவர்கள் எல்லோரும் அடுத்த மோசடிக்காரர்கள்.

இன்னும் பறிபோகாதவர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியவை: பாஸ்வேர்டோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, அதன் காப்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஃபேஸ்புக் பக்கத்துக்கு நம்பகமான இரண்டாவது அட்மின் ஒருவரைச் சேருங்கள். வேலை செய்து தருபவருக்குப் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் அனுமதி மட்டும் கொடுங்கள், அவர் விலகினால் அனுமதியை எடுத்துவிடலாம்.

வாடிக்கையாளரின் பெயர், எண், கடைசியாக என்ன வாங்கினார் என்ற பட்டியலை அவர்கள் சம்மதத்தோடு தனி நோட்டிலோ எக்செல்லிலோ வைத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றுபோயின. அன்றைக்கு ஆர்டர் எடுத்து வைத்திருந்தவர்களில், கையில் போன் எண் இருந்தவர்கள் போன் செய்து தகவல் சொன்னார்கள். அந்தப் பட்டியலை மாதம் ஒரு முறை புதுப்பித்து, ஒரு நகலை வேறிடத்தில் வையுங்கள். "எங்களைப் பற்றி எங்கே பார்த்தீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அதையும் ஒரு கட்டத்தில் எழுதிவிடுங்கள். அடுத்த மாதம் அந்த நான்கு எண்களை எழுதும்போது, எந்தத் தளத்தில் நேரத்தைப் போடுவது என்று அந்தக் கட்டமே சொல்லிவிடும்.